காதற்ற காசுகள்

சென்ற ஆண்டு நகரமொன்றின் மண்டபத்தில் மலையக மக்களின் வரலாற்றை விளக்கும் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. எவர் நடத்தினர், எந்நகரில் நடத்தினர் என்பன இக்கட்டுரைக்கு வேண்டாதவை. 2023ஆம் ஆண்டிலே மலையகத்தின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்ட பின்னர் இத்தகைய கண்காட்சிகள் பெருகியுள்ளன, பெருகவும் வேண்டும். கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பெரட்டுக் களத்துத் தப்பு, மரத்தாற் செய்த லயத்தின் சிற்றுரு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. அதனுள் சிவப்புத் துணியின் மீது ஒரேயொரு வெள்ளி ரூபா. 'கோப்பிக் காலத்தில் எம் முன்னோர் கூலியாகப் பெற்ற நாணயம்' என்று அழகிய எழுத்தில் ஓர் அட்டை. முகப்பிலே முடி சூடிய விக்டோரியா. பெயருக்குப் பக்கத்தில் 'எம்பிரஸ்' என்னும் பட்டம். பின்புறத்தில் 1850 என்னும் ஆண்டு.

அந்தப் பேழையின் முன் மாணவர் பலர் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டனர். ஆசிரியை ஒருவர் தம் பிள்ளைகளுக்கு அந்த அட்டையை உரத்து வாசித்துக் காட்டினார். நானும் பார்த்தேன். பார்த்ததும் பொறுப்பாளரிடம் சென்று, இந்நாணயம் போலி என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. "தம்பி, இதெல்லாம் ஓர் அடையாளத்துக்குத்தானே" என்று புன்னகையோடு கூறினார்.

அந்தப் புன்னகையை மறுத்தே இதனை எழுதுகிறேன்.

விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று டில்லியிலே பிரகடனஞ் செய்யப்பட்டது 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி. அதற்கு முன்னர் வார்க்கப்பட்ட எந்த ரூபாவிலும் 'எம்பிரஸ்' என்னுஞ் சொல் இருக்க இயலாது. 'குவீன்' என்றே இருக்கும். அஃதன்றி, கிழக்கிந்தியக் கம்பெனி தன் ரூபாவில் ஆண்டுதோறும் ஆண்டெண்ணை மாற்றும் வழக்கத்தைக் கொண்டிருக்கவில்லை. நான்காம் வில்லியத்தின் ரூபாக்கள் யாவும் 1835 என்றே வெளிவந்தன. விக்டோரியாவின் முதல் ரூபா 1840 என்னும் எண்ணைத் தாங்கியது. 1862இலே புதிய வார்ப்பு வரும்வரை அச்சான அனைத்தும் அதே 1840தான். எனவே 1850 என்று பொறித்த கம்பெனி ரூபா உலகில் எந்த அக்கசாலையிலும் பிறந்ததில்லை. பேழையிலிருந்தது பிரதி கூட அன்று. பிரதி எனின் அதற்கு ஒரு மூலம் இருந்திருக்க வேண்டுமல்லவா?

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்போர் உளர். நாணயவியல் என்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு, உழைக்கும் மக்களின் வரலாற்றுக்கு ஆண்டெண்ணும் எடையும் என்ன செய்யும் என்பது அவர்கள் வாதம். முற்போக்காளர் போலத் தோன்றும் இவ்வாதமே எனக்கு மிகவும் அபாயகரமானதாகப் படுகிறது. அதற்கு விடை கூறுமுன், போலி செய்தல் என்பதையே நான் பழிப்பதாக எவரும் கருதிவிடலாகாது என்பதற்காகச் சில சொல்ல வேண்டியுள்ளது.

பார்த்துச் செய்தல் நாணயத்தின் வரலாற்றில் இழிவன்று. எம் தமிழ்ச் சங்கங்களின் மேடைகளில் பெருமையோடு பேசப்படும் சேரர் வெள்ளிக்காசுகளையே எடுத்துக்கொள்வோம். கரூர்ப் பகுதியிற் கிடைத்த 'மாக்கோதை' என்னும் பெயர் பொறித்த காசில் மன்னன் தலையின் பக்கத் தோற்றம் அமைந்திருக்கும் முறை, அக்காலத்து ரோம வெள்ளித் தெனாரியத்தைக் கண்டு செய்தது. ஆயின் சேரன் தன் பெயரைத் தமிழிலே பொறித்தான். அகஸ்துவின் பெயரைத் திருடவில்லை. இலங்கையிலும் ரோமச் செப்புக் காசுகளைப் பார்த்து உள்ளூரிலே வார்த்துப் புழங்கியமைக்குச் சான்றுகள் ஏராளம்.

எமது மலைநாட்டுக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்று உண்டு. கண்டி இராச்சியத்திலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் அக்காலப் பணங்களை விவரிக்கிறார். அவற்றுள் ஒன்று தூண்டில் முள்ளைப் போல வளைந்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்தின் லார் நகரத்துப் பெயரால் லாரின் எனப்பட்ட கம்பிக்காசு அரபிக்கடல் வாணிபத்தோடு இங்கு வந்தது. கண்டி நாட்டார் அதைக் கண்டு தாமும் செய்தனர். அரசன் அனுமதியோடு எவரும் செய்யலாம், தாம் விரும்பிய குறியையும் அதில் இடலாம். ஆயின் ஒரு விதி இருந்தது. வெள்ளியின் தூய்மையில் எவர்க்கேனும் ஐயம் எழுமாயின் அக்காசைத் தீயிலே செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். தூய வெண்மையாக வெளிவராவிடின் அது செல்லாது. ஸ்பானிய எட்டு ரியால் நாணயத்தினும் அதன் வெள்ளி தூயது என்பது நொக்ஸின் சாட்சியம்.

பாருங்கள்: வடிவத்தில் அஃது அப்பட்டமான போலி. அரச இலச்சினை இல்லை. பொறித்த எழுத்துக்கும் பொருளில்லை. ஆயினும் அது பொய் சொல்லவில்லை. அதைக் கையில் வாங்குபவன் எதை நம்பி வாங்கினானோ அது அதனுள் இருந்தது. தேயிலைக்கும் கோப்பிக்கும் முன்னரே இம்மலைகளில் வாழ்ந்த உழவர் வகுத்த சோதனை அது. அந்தச் சோதனையில் இன்றைய கண்காட்சிப் பேழை தோற்றுப்போகும்.

அருங்காட்சியகங்களும் பிரதி வைப்பதுண்டு. பிரித்தானிய நூதனசாலைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் றொபேட் றெடி என்பவர் பண்டைக் கிரேக்க நாணயங்களுக்கு மின்முலாம் முறையிற் பிரதிகள் செய்தார். மூலத்திலிருந்து வேறு பிரித்தறிய வல்லுநரும் தடுமாறும் வேலைப்பாடு. ஆயின் அவற்றின் விளிம்பில் தம் பெயரின் முதலெழுத்துகளை அவர் பொறித்து வைத்தார். ஐக்கிய அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிரதி நாணயம் ஒவ்வொன்றிலும் 'பிரதி' என்னும் சொல் அழியாதவாறு பொறிக்கப்படல் வேண்டும் என்று கட்டளையிட்டது. அட்டையில் எழுதினால் போதாது. அட்டை தொலையும், காசு நிலைக்கும்.

இனி, ஆண்டெண் எதற்கு என்ற வினாவுக்கு வருவோம்.

1825 முதல் இலங்கையின் சட்டப்படியான நாணயம் பிரித்தானியப் பவுண், ஷில்லிங், பென்சு. கோப்பிக் காலத்துக் கூலியும் பென்சிலேயே கணக்கிடப்பட்டது. ஆயின் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே மாத்தளைக்கு நடந்து வந்தவர் ஊருக்குக் கொண்டுபோக விரும்பியது இந்திய ரூபாவையே. நாட்டின் வாணிபமும் இந்தியாவோடு பிணைந்திருந்தது. 1869இல் அரசு இந்திய வெள்ளி ரூபாவைச் சட்டபூர்வ நாணயமாக்கிற்று. 1872 முதல் ரூபா ஒன்றுக்கு நூறு சதம் என்னும் கணக்கு வந்தது. அதன்பின் இலங்கை தனக்கெனச் செப்புச் சதங்களையும், 1892இலிருந்து தாளிப்பனையின் இருமருங்கும் சிங்களமும் தமிழும் பொறித்த பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக்காசுகளையும் வெளியிட்டது. பிரித்தானியர் ஆண்ட காலம் முழுவதும் இலங்கைக்கெனத் தனி ரூபா நாணயம் வார்க்கப்படவே இல்லை. (கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவென்று கொடுத்த தரகுப்பணம் மட்டும் சதத்திற் கணக்கிட்ட காலத்திலும் 'பென்ஸ் காசு' என்றே வழங்கியது. நாணயம் செத்த பின்னும் பெயர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது!)

அந்த ரூபாவின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய அளவில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. சேர்சா 1540களில் வார்த்த ரூபாவின் எடைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. 1862இல் வார்த்த ரூபாவும் 1892இல் வார்த்த ரூபாவும் தராசில் ஒன்றே. ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே உலகம் கவிழ்ந்தது. 1870களில் ஜேர்மனியும் பிற நாடுகளும் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டியது. வெள்ளியின் விலை சரிந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபா, 1894 அளவில் 1 ஷில்லிங் 1 பென்சு அளவுக்கு வீழ்ந்தது.

இவ்வீழ்ச்சியை ஒரு நாட்கூலிக்குள் வைத்துப் பாருங்கள். ஆண் தொழிலாளியின் நாட்கூலி 33 சதம் என்னும் அளவிலேயே நெடுங்காலம் நின்றது. முற்கூறிய விலைப்படி அது துரையின் இலண்டன் கணக்கில் 8 பென்சு. பிற்கூறிய விலைப்படி 4 பென்சுக்குச் சற்று மேல். தேயிலையோ இலண்டனில் தங்கப் பவுணுக்கு விற்கப்பட்டது. கூலி வெள்ளியில், விலை தங்கத்தில்! தொழிலாளி அன்றே பாதிப் பட்டினி ஆனான் என்று நான் சொல்லவில்லை. அவன் உண்ட அரிசியும் இந்தியாவிலிருந்து ரூபாக் கணக்கிலேயே வந்தது. அதை மறைத்து வாதிடுவது நேர்மையன்று. ஆயின் அவன் உழைப்பின் தங்கப் பெறுமதி ஒருபோதும் செக்ரோலில் ஏறாமலே பாதியாகக் கரைந்தது. கோப்பி நோயில் அழிந்து, 1884இல் ஓரியன்ரல் வங்கியும் முறிந்து கிடந்த தோட்டத்துறை தேயிலையில் தலைநிமிர்ந்ததற்கு ஜேம்ஸ் டெய்லரின் திறமையைக் காரணங் காட்டும் நூல்கள் பல. வெள்ளியின் வீழ்ச்சியைக் காட்டுவன சில.

1893 ஜூனில் இந்திய அக்கசாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்று ரூபாவாக்குவதை நிறுத்தின. அதன்பின் ரூபாவினுள் இருந்த வெள்ளியின் விலை ஒன்று, முகத்தில் எழுதிய பெறுமதி மற்றொன்று. கண்டி உழவன் தீயில் இட்டுப் பார்த்த சோதனையில் பேரரசின் ரூபாவே ஒருவகையில் தேறாமற்போன காலம் அது.

இப்போது கூறுங்கள். 1840 ரூபா ஒரு கதை. 1877 ரூபா வேறொரு கதை. 1893க்குப் பிந்தியது மூன்றாவது கதை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, பேரரசியின் பட்டத்தைக் கம்பெனிக் காலத்தின்மீது ஒட்டி, 1850 என்று ஒரு பொய்யெண்ணை இட்டு, 'அடையாளத்துக்குத்தானே' என்றால், அது எதன் அடையாளம்? சுரண்டல் நடந்தது என்று முழங்குவோர், அது எப்படி நடந்தது என்பதைக் காட்டும் ஒரே பொருளைத் தாமே அழிப்பதைக் காணவில்லையா?

நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்னும் பொருளும் உண்டு என்பதை மேடைப் பேச்சாளர் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டனர். ஆகவே நான் அதைச் சொல்லப்போவதில்லை.

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே என் அப்பாயி இன்றும் வாழ்கிறார். அவரிடம் ஒரு வெள்ளி ரூபா இருக்கிறது. ஐந்தாம் ஜோர்ஜின் தலை, 1919. அதன் மேல் விளிம்பில் தட்டான் பற்றவைத்த சிறு வளையம் ஒன்று. அப்பாயி அதைக் 'காது' என்பார். அவருடைய தாயார் இத்தகைய பதினொரு ரூபாக்களைக் கறுப்புக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்திருந்தாராம். தங்கத்தில் ஏன் செய்யவில்லை என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "தங்கம்னா ஊரு கண்ணு படும்யா. வெள்ளிக்கு யாரு வர்றா?" என்பது அப்பாயி தந்த விடை.

வங்கி இல்லாத, நிலம் இல்லாத, 1948க்குப் பின்னர் குடியுரிமையும் இல்லாத ஒருத்தியின் சேமிப்பு அந்த வடம். கூலியிலிருந்து அரிசிக்கும் கம்பளிக்கும் கங்காணியின் கடனுக்கும் கழித்த பின் எஞ்சியதில், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ காசு கயிற்றில் ஏறியிருக்கும். பதினொன்றில் எட்டு, 1973–74 உணவுப் பஞ்சத்தில், நகரத்து அடகுக்கடையொன்றில் மாவுக்காகப் போயின. நிறுத்து வாங்கினர், ஆண்டைப் பார்க்கவில்லை. எஞ்சிய மூன்றில் இரண்டு 2022இன் நெருக்கடியில் போயின. அப்போதும் நிறுத்தே வாங்கினர். இரு பஞ்சத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு. தராசு மட்டும் ஒன்றே.

மிஞ்சிய ஒன்றை நான் கொழும்பிலே நாணயம் சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் உருப்பெருக்கியால் நோக்கி, "பற்றாசு வைத்துக் கெடுத்துவிட்டார்களே" என்று வருந்தினார். காதுள்ள காசுக்கு வெள்ளி விலை மட்டுமே, சேகரிப்பாளர் தீண்டமாட்டார். அவர்தம் துறையின் நியாயம் அது. ஆயின் வரலாற்று மாணவன் அந்த நியாயத்தை ஏற்கலாகாது என்பதே என் துணிபு. அக்காசிலே கல்கத்தா அல்லது பம்பாய் அக்கசாலை செய்தது ஐந்தாம் ஜோர்ஜின் முகம்; அதைப் போன்றவை கோடிக்கணக்கில் உள்ளன. காது மட்டுந்தான் மலையகத்தில் செய்யப்பட்டது. கூலியாக வந்த காசு சீதனமாகவும் காப்புறுதியாகவும் மாறிய கணத்தின் தழும்பு அது. பெண்ணொருத்தியின் தீர்மானம் அந்த வளையத்தில் இருக்கிறது. வேறெந்த ஆவணத்திலும் இல்லை.

போலி செய்வோர் காதைச் செய்வதில்லை. நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகள் திரியும் வீதியோரங்களில் 'பழைய வெள்ளி ரூபா' விற்கப்படுகிறது. ஒன்றை வாங்கி நிறுத்தேன்: 9 கிராம். விளிம்பில் வார்ப்பின் தையல். எழுத்துகள் சவர்க்காரத்திற் செதுக்கியவை போல மழுங்கல். கல்லில் சுண்டினால் மணியோசை இல்லை. முகம் மட்டும் பளபளக்கும். தமிழகத்திலும் இக்கொள்ளை உண்டு. இராமனும் அநுமனும் பொறித்து, 1818 என்று ஆண்டிட்டு, கம்பெனி வெளியிட்ட மந்திரக் காசென்று ஏமாற்றுவோர் அங்கு உளர். கம்பெனி அத்தகைய காசெதனையும் வார்த்ததில்லை. வீதி வணிகனை நான் பெரிதும் குறைகூறேன். அவனுக்கு வயிறு உண்டு. கண்காட்சி நடத்துவோருக்கும் ஆய்வரங்கு கூட்டுவோருக்கும் அந்தச் சாட்டு இல்லை.

இங்கே எம் தமிழ்ச் சங்கத்தாரையும் ஒரு சொற் கேட்பேன். மாக்கோதையின் காசுக்கு எத்தனை சொற்பொழிவுகள் நிகழ்த்திவிட்டோம்! ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட சேரமன்னனின் மூக்கைப் பற்றித் தருக்கம் புரிகிறோம். எம் பாட்டியரின் கழுத்திற் கிடந்த வெள்ளியைப் பற்றி இச்சங்கத்தில் ஒரு கட்டுரையேனும் வாசிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை. மன்னன் முகமுள்ள காசு தமிழர் வரலாறு. கொழுந்தெடுத்தவள் அணிந்த காசு வெறும் பழைய வெள்ளியா? பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஹந்தானை மலையில் தேயிலை நூதனசாலை உண்டு. டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய இயந்திரங்களும் அங்கு பேணப்படுகின்றன. இரும்பைப் பேணுகிறோம், நல்லது. கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பழைய லயக் காம்பராக்களிலேயே தொழிலாளர் நூதனசாலையொன்று 2007இல் அமைந்தது என்பதும் நன்று. ஆயின் அடகுக்கடைத் தராசுகள் அவற்றை விட விரைவாகச் சேகரிக்கின்றன, சேகரித்து உருக்குகின்றன. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் தலைமன்னார் ரயிலேறியவர்களோடு எத்தனை வடங்கள் கடல் கடந்தன, எத்தனை அதற்கு முன்னரே விற்கப்பட்டன என்று கேட்டறியக்கூடிய முதியோர் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றனர்.

நான் வேண்டுவது பெரிதன்று. மலையகக் கண்காட்சிகளில் வைக்கப்படும் பிரதி எதுவாயினும் அதன் உலோகத்திலேயே 'பிரதி' என்று பொறிக்கப்படல் வேண்டும். மூலமில்லாத கற்பனைக் காசு அறவே நீக்கப்படல் வேண்டும். இரண்டாவது, இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மலையக மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு தராசும் ஒரு கொப்பியும் கொண்டு செல்லட்டும். காசை எவரிடமிருந்தும் வாங்க வேண்டா. வாங்கினால் நாமும் அடகுக்கடைக்காரரே. ஆண்டு, எடை, முகம், காது உண்டா இல்லையா, யார் அணிந்தது, எப்போது எதற்காக ஏனையவை விற்கப்பட்டன என்பவற்றை மட்டும் எழுதி வரட்டும். ஆளின் பெயர் வேண்டாமெனின் தோட்டத்தின் பெயர் போதும். அப்பதிவேட்டை இச்சங்கத்தின் நூலகத்தில் வைப்போம். நான் முதற்பதிவை எழுதிவிட்டேன்:

இலக்கம் 1. ஐந்தாம் ஜோர்ஜ், ஒரு ரூபா, 1919. காதுடன் 11.5 கிராம். காதின் உட்புறம் கயிறு அறுத்த தேய்வு. ஹற்றன் பகுதித் தோட்டம். தாயிடமிருந்து மகளுக்கு. உடனிருந்தவை பத்து: எட்டு 1974இல் மாவுக்கு, இரண்டு 2022இல் மருந்துக்கு. விற்பனைக்கில்லை.